அக்காவும் ஆறு பாட்டிலும்: ‘ஆல்கஹால் இல்லாத’ பீரில் எவ்வளவு ஆல்கஹால்?

செமஸ்டர் லீவுக்கு சேரங்கோட்டுக்குப் போயிருந்தேன். நீலகிரின்னு சொன்னதும் ஊட்டி பூங்கா, குன்னூர் ரயில்னு கற்பனை பண்ணிக்காதீங்க மக்களே. நாங்க பந்தலூர் பக்கம், வயநாட்டை எட்டிப் பார்க்கிற தூரம். டேன்டீ தேயிலை, விடாத மழை, கால்ல ஏறுற அட்டை, ராத்திரியில யானை. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட தோட்டங்கள். எங்க அம்மாயியும் அப்படிக் கப்பலேறி வந்தவங்கதான்.

வளைகாப்பு முடிஞ்சு அக்கா எங்க வீட்டுல இருந்தா. ஏழாம் மாசம். ஒரு நாள் சமையல்கட்டு மூலையில ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்து அம்மாயி கையில ஒரு பச்சை பாட்டிலை எடுத்துட்டாங்க.

“ஏண்டா, இதுல பத்து ரூபா ஸ்டிக்கர் எங்க?”

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. 2022 மே மாசத்திலிருந்து நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டுக் காட்டில் எறிகிற கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்பதால் சென்னை ஐகோர்ட் வழியாக வந்த ஏற்பாடு. அதனால எங்க ஊர்ல பாட்டில்னா பாட்டிமார் முதல்ல ஸ்டிக்கரைத்தான் தேடுவாங்க.

அந்தப் பாட்டிலில் ஸ்டிக்கர் இல்லை. ஏன்னா அது டாஸ்மாக் சரக்கே இல்லை. மாமா கோயம்புத்தூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல, ஜூஸ் பாட்டில் வரிசையிலிருந்து எடுத்துட்டு வந்த ‘நான்-ஆல்கஹாலிக் பீர்’. அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி ஆபீஸ் டீமோட எப்பவாவது பீர் குடிக்கிற பழக்கம் இருந்துச்சு (இதை அம்மாயிகிட்ட யாரும் சொல்லிடாதீங்க). மசக்கை தணிஞ்ச பிறகு அந்தக் கசப்புக்கு நாக்கு ஏங்குதுன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கா. அவரும் நல்ல மனசோட வாங்கிட்டு வந்துட்டார். ஆறு பாட்டில். அதுல மூணு காலி.

நான் பாட்டிலைத் திருப்பிப் பின்னாடி லேபிளைப் படிச்சேன். பொடி எழுத்துல, ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மிகாமல்னு இருந்துச்சு. அதை நான் சத்தமா படிச்சிருக்கக் கூடாது. அக்கா முகம் வெளுத்துப் போச்சு. “இல்லைன்னுதானேடா முன்னாடி போட்டிருக்கு? மூணு பாட்டில் குடிச்சிட்டேனே, பாப்பாவுக்கு எதாச்சும் ஆயிருக்குமா?” அழ ஆரம்பிச்சுட்டா. கெமிக்கல் இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிற தம்பிக்கு அந்த நிமிஷத்துல பதில் தெரியலை. அதுக்கப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

‘இல்லை’ன்னா எவ்வளவு இல்லை?

முதலில் சட்டம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த மதுபான ஒழுங்குமுறைகளின்படி, கொள்ளளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதுக்குக் கீழே இருந்தா சட்டத்தின் கண்ணுக்கு அது மது இல்லை. அதனால ஜூஸ் வரிசையில நிக்கலாம். அமெரிக்காவிலும் ‘நான்-ஆல்கஹாலிக்’ என்ற சொல்லுக்கு எல்லை 0.5 தான். பிரிட்டனில் ‘ஆல்கஹால்-ஃப்ரீ’ என்று போட 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. ஒரே மாதிரி தெரிகிற இரண்டு சொற்களுக்கு நடுவே பத்து மடங்கு வித்தியாசம். ‘0.0’ என்று பெரிதாகப் போட்ட பாட்டில் வேறு, ‘நான்-ஆல்கஹாலிக்’ என்று மட்டும் போட்ட பாட்டில் வேறு. மாமா வாங்கினது ரெண்டாவது ரகம்.

ஏன் சுத்தமா பூஜ்யத்துக்குக் கொண்டுபோக மாட்டேங்கிறாங்க? இதுதான் நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம்.

பீர் செய்ய முளைகட்டிய வாற்கோதுமையை வறுத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறார்கள். இதுவரைக்கும் ஹார்லிக்ஸ் கதையும் ஏறக்குறைய இதேதான். அதில் ஈஸ்ட் விழுந்த பிறகுதான் பாதை பிரிகிறது. ஆல்கஹால் வேண்டாம் என்றால் இரண்டே வழி: உருவாகவிடாமல் தடுப்பது, அல்லது உருவான பிறகு பிரித்தெடுப்பது.

முதல் வழி நமக்குப் புதுசே இல்லை. பனையேறுகிறவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு பி.எச். அளவை ஏற்றிவிடும், ஈஸ்ட் வேலை செய்யாது. பீர் ஆலையில் சுண்ணாம்பு கிடையாது, அங்கே குளிர். வெப்பநிலையை உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்து ஈஸ்ட்டை அரைத்தூக்கத்தில் விடுவார்கள், அல்லது மால்ட்டோஸ் சர்க்கரையைச் சாப்பிடவே தெரியாத ஈஸ்ட் வகையைப் போடுவார்கள். ஆல்கஹால் குறையும். ஆனால் சாப்பிடப்படாத சர்க்கரை எங்கே போகும்? பாட்டிலிலேயே இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

இரண்டாவது வழி வடிகட்டல். எத்தனால் கொதிநிலை 78 டிகிரி, தண்ணீருக்கு 100. சாதாரண அழுத்தத்தில் காய்ச்சினால் பீர் கஷாயமாகிவிடும். அதனால் வெற்றிடத்தில் செய்கிறார்கள். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீரே 46 டிகிரியில் கொதிக்கும். எத்தனால் அதற்கும் முன்னாடியே ஆவியாகும். இன்னொரு முறை ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், நம்ம ஹாஸ்டல் ஆர்.ஓ. மெஷினின் பெரியண்ணன். எத்தனால் மூலக்கூறு சின்னது, எடை 46 தான்; தண்ணீரோடு சேர்ந்து சவ்வு வழியே நழுவிவிடும், மணமும் நிறமும் இந்தப் பக்கம் தங்கிவிடும்.

நீர்த்த கரைசலில் தண்ணீரோடு ஒப்பிட்டால் எத்தனால் பத்து மடங்குக்கும் மேல் எளிதாக ஆவியாகும், அதனால் முக்கால்வாசி சுலபமாக வெளியேறிவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மீதியில் ஒரு பங்குதான் போகுமே தவிர, மொத்தமும் போகாது. கடைசித் துளியைத் துரத்தத் துரத்த மணம் தரும் எஸ்டர்களும் சேர்ந்து போகும், செலவும் ஏறும். எங்கே நிறுத்துவது என்பது வியாபார முடிவு. சட்டம் 0.5 வரை விடுகிறது என்றால் நிறைய பேர் அங்கேயே நிறுத்துவார்கள்.

அக்காவின் கணக்கு

330 மில்லி பாட்டில், 0.5 சதவீதம். 1.65 மில்லி எத்தனால். அடர்த்தி 0.79-ஆல் பெருக்கினால் 1.3 கிராம். டாஸ்மாக்கில் விற்கிற 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 25 கிராமைத் தாண்டும். கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு.

அக்கா எடை 55 கிலோ. எத்தனால் உடம்பிலுள்ள நீரில் பரவும் என்பதால், பெண்களுக்கு எடையை 0.55-ஆல் பெருக்கி எடுப்பது வழக்கம் (விட்மார்க் சூத்திரம், தடய அறிவியலில் பயன்படுவது). ஒரே மூச்சில் குடித்தாலும் ரத்தத்தில் 0.0043 சதவீதம்தான் வரும். வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தியச் சட்டம் வைத்த எல்லை 0.03. அதில் ஏழில் ஒரு பங்கு. கல்லீரல் இதைக் கால் மணி நேரத்தைச் சுற்றிய நேரத்தில் எரித்துவிடும். நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே வரும். 2012-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 0.4 சதவீதம் இருந்த பீரை ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் 0.0056 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒன்றரை லிட்டர்!

இன்னொரு ஒப்பீடு. 2016-ல் அதே ஜெர்மனியில், மது என்று யாரும் நினைக்காத சாப்பாட்டுப் பொருட்களில் எத்தனாலை அளந்தார்கள். ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சை ஜூஸில் லிட்டருக்கு 0.77 கிராம் வரை. பாக்கெட் பர்கர் பன், பால் பன் சிலவற்றில் நூறு கிராமுக்கு 1.2 கிராமுக்கும் மேல். அதாவது அக்கா குடித்த ஒரு பாட்டிலும், ரெண்டு பெரிய பன்னும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. பன் சாப்பிட்ட கர்ப்பிணியை யாரும் அழ விட்டதில்லை.

இதைச் சொன்னதும் அக்கா மூச்சு விட்டா. நானும் இதோட கட்டுரையை முடிச்சிருக்கலாம். ஆனா அது நேர்மையா இருக்காது.

அப்ப டாக்டருங்க ஏன் வேண்டாம்ங்கறாங்க?

1968-ல் பிரான்சின் நான்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் எட்டுக் குழந்தைகளிடம் அதே முகச் சாயலைக் கண்டு லான்செட்டில் எழுதினார்கள்: சிறிய தலை, குறுகிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே இருக்க வேண்டிய பள்ளம் தட்டையாக. அதற்குப் பிறகுதான் கருவில் ஆல்கஹால் செய்யும் சேதத்துக்கு ஒரு பெயரே வந்தது. முகத்தில் எதுவும் தெரியாமல், பள்ளிக்குப் போன பிறகு கணக்கு வராமை, கவனம் நிற்காமை, ஆத்திரம் என்று வெளிப்படுகிற குழந்தைகள் இன்னும் அதிகம்.

காரணம் எளிது. எத்தனால் நீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். நஞ்சுக்கொடிக்கு அதைத் தடுக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அம்மா ரத்தத்தில் இருக்கிற அளவே பிள்ளை ரத்தத்திலும். ஆனால் அதை எரிக்கிற நொதி கருவிடம் மிகக் குறைவு. அது சிறுநீராகப் பனிக்குட நீரில் போகும், அந்த நீரைப் பிள்ளை திரும்ப விழுங்கும். முதல் மூன்று மாதம்தான் ஆபத்து என்று நினைக்கிறவர்களும் கவனிக்க: மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது.

இந்தச் சேதமெல்லாம் நிஜ மதுவில், பெரிய அளவில் பார்த்தவை. 1.3 கிராமால் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனது என்று காட்டிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் இதுவரை பாதுகாப்பு என்று கோடு போடவும் யாராலும் முடியவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்துச் சோதனை செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும், 2016-ல் பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கர்ப்பத்தில் மது வேண்டவே வேண்டாம்.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது வேறொன்று. 2010-ல் கனடாவில் ஒரு குழு, ஆல்கஹால் இல்லை அல்லது குறைவு என்று விற்ற 45 பானங்களை வாங்கி அளந்தது. 13-ல் லேபிளில் போட்டதைவிட அதிகம். ஆல்கஹாலே இல்லை என்று சொன்ன ஆறு பானங்களில் 1 சதவீதத்துக்கும் மேல். என் கணக்கு முழுக்க அந்த 0.5 என்ற எண் மேலே நிற்கிறது. எண்ணே தப்பு என்றால் கணக்கும் தப்பு. நம்ம லேபுல ஸ்டாண்டர்டைஸ் பண்ணாத சொல்யூஷனை வச்சு டைட்ரேஷன் போட்டு நாலு தசம ஸ்தானம் வரைக்கும் ரீடிங் எழுதுவோமே, அது மாதிரி.

இன்னொரு விஷயம் ரெஸ்டாரன்டில், குழாயிலிருந்து பிடித்துக் கொடுக்கிற வகை. ஆல்கஹால் கிருமியைக் கட்டுப்படுத்துகிற பொருளும்கூட. அதை எடுத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2023-ல் வெளியான ஆய்வில், ஆல்கஹால் நீக்கிய பீரைச் சரியாகக் குளிரூட்டாமல் வைத்தபோது ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் அதில் பெருகின. ஆலையில் பாஸ்ச்சுரைஸ் செய்து மூடிய பாட்டிலுக்கு இந்தப் பயம் குறைவு. சிறிய கூடத்தில் காய்ச்சி ஊற்றுவதைக் கர்ப்பிணி தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

நர்சம்மா கேட்ட கேள்வி

மறுநாள் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தாங்க. அக்கா சொல்ல மாட்டேன்னு பிடிவாதம். “பீர்னு சொன்னா என்ன நினைப்பாங்க? தோட்டம் முழுக்கப் பேசுவாங்க.” இதுதான் எனக்கு எல்லாத்தையும்விடப் பயமா இருந்துச்சு. சொன்னா மானம் போயிடும்னு எத்தனை பேர் எத்தனை விஷயத்தை மறைச்சிருப்பாங்க? கடைசியில அம்மாதான் பேச்சை எடுத்தாங்க.

நர்சம்மா திட்டவே இல்லை. பாட்டிலை வாங்கிப் படிச்சாங்க. ஆல்கஹால் வரியைப் பார்த்துட்டு, “மூணுதானே, போனது போகட்டும், இனி வேண்டாம். அடுத்த செக்கப்ல டாக்டரம்மாகிட்டயும் சொல்லு”ன்னாங்க. அப்புறம் அதுக்குக் கீழ இருந்த வரியில விரலை வச்சாங்க. “இது என்ன பாப்பா? நூறு மில்லிக்கு ஆறு கிராம் மாவுச்சத்துன்னு போட்டிருக்கே. உன் சுகர் டெஸ்ட் எவ்வளவு வந்துச்சு?”

நான் ஆல்கஹாலையே துரத்திட்டு இருந்தேன். சர்க்கரையைக் கண்டுக்கவே இல்லை.

தமிழ்நாடு இதில் முன்னோடி. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே அரசாணை போட்ட மாநிலம். அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா, அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர் குழு முன்வைத்த முறை நம்ம ஊருக்கென்றே யோசித்தது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சொன்னால், பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணி அடுத்த முறை வரவே மாட்டாள். அதனால் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு.

அக்காவுக்கு 146.

இப்ப அந்த அரைத்தூக்க ஈஸ்ட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. அது சாப்பிடாமல் விட்ட மால்ட்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் கைகோத்தது. குடலில் பிரிந்து ரத்தத்தில் வேகமாக ஏறும். 330 மில்லிக்கு 20 கிராம் மாவுச்சத்து. பெரும்பகுதி சர்க்கரையாக இல்லாவிட்டாலும், சாயந்திரம் டீயில் சர்க்கரையை நிறுத்திட்டு, ராத்திரி இந்தப் பாட்டிலைக் குடிக்கிறதுல என்ன அர்த்தம்? எலுமிச்சை, ஆப்பிள் மணம் சேர்த்த ‘மால்ட்’ பானங்களில் தனியாகச் சர்க்கரையும் சேர்ப்பதுண்டு. பாட்டிலின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் பாடம்.

நர்சம்மா கிளம்பும்போது அம்மாயி ஒரு கேள்வி போட்டாங்க. “எங்க காலத்துல பிள்ளை பெத்தவளுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுப்பாங்க, ஸ்டவுட் குடிச்சா பால் ஊறும்பாங்க. அது என்ன கணக்கு?” இலங்கை, மலேசியா பக்கமிருந்து வந்த குடும்பங்களில் இந்தப் பேச்சை இன்னும் கேட்கலாம். இதில் பாதி உண்மை ஒளிஞ்சிருக்கு. வாற்கோதுமையில் உள்ள ஒரு நார்ச்சத்து பால் சுரப்புக்கான புரோலாக்டினைத் தூண்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் கூடவே இருக்கும் ஆல்கஹால், பாலை வெளியே தள்ளுகிற ஆக்ஸிடோசினைக் குறைத்துவிடும் என்று 2005-ல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா குழு காட்டியது. மார்பு கனத்தது போலத் தோன்றும், பிள்ளைக்குக் கிடைப்பதோ குறைவு. பிரசவம் முடிந்த பிறகு ஆல்கஹால் நீக்கிய பீரைப் பற்றிய கவலை நிறையவே குறைகிறது: ஜெர்மனியில் பாலூட்டும் தாய்மார் 15 பேர் ஒன்றரை லிட்டர் குடித்த பிறகும், இரண்டு பேர் பாலில் மட்டும், லிட்டருக்கு 0.0021 கிராம் என்ற அளவுக்குள் சுவடு தெரிந்தது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை வேறு, மடியில் இருக்கிற பிள்ளை வேறு.

அக்காவுக்கு அந்தக் கசப்பு ஏக்கம் போகலை. பார்லியை வறுத்துக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, எலுமிச்சை பிழிஞ்சு, சோடா ஊத்திக் கொடுத்துப் பார்த்தேன். “பீர் மாதிரியே இல்லடா, ஆனா குடிக்கலாம்”னா. தம்பிக்கு அது போதும். இதையெல்லாம் படிச்சுட்டு நீங்க யாராவது ஒரு கர்ப்பிணியிடம் ஏற்கெனவே குடிச்சதுக்காகப் பயமுறுத்தாதீங்க. மேலே இருக்கிற கணக்கைக் காட்டுங்க, டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க. பேசத் தயங்கினா 104-க்கு போன் பண்ணியும் கேட்கலாம், பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் மூணு பாட்டில். மாமா தானே குடிச்சிடறேன்னார். அம்மா விடலை. எங்க வீட்டுப் பின்னாடி முட்டைக்கோஸ் பாத்தியில மழைக்காலத்துல நத்தைத் தொல்லை தாங்காது. ஈஸ்ட் வாசனைக்கு நத்தை தேடி வரும்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். கொட்டாங்கச்சியில ஊத்தி மண்ணுல பாதி புதைச்சு வச்சோம். காலையில பார்த்தா ஒரு கொட்டாங்கச்சியில ஏழு கிடந்துச்சு.